தமிழாசிரியர் வாயிலும் அதன் படிகளும்

ஒருவன் உபாத்தியாயன் ஆவதற்குரிய யோக்கியதை யாது? கற்றிருத்தல் ஒன்று, கற்றதைப் பிறர் உள்ளத்திற் பதியுமாறு எடுத்துரைக்குந் திறம் மற்றொன்று. இவ்விரண்டும் உடையவனே ஆசிரியன் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின் இவை ஒருவனிடத்தில் உள்ளனவா என்று அறிவது எப்படி? அதை அறிதற்பொருட்டே அரசாங்கங்களும் கலாசாலைகளும் ஒரு வாயிலை நிறுவி, அதன் நெற்றியில் சில நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கின்றன. இன்ன பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். இன்ன மொழியில் இத்துணைப் பயிற்சி வேண்டும். இன்ன பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பன அவை. இந்நிபந்தனைகளைக் கண்டு சலித்துக்கொள்வோர் பலர். அவை எங்கிருந்து வந்தன, நம்மவரில் யாரை உள்ளே விட்டன, யாரை வெளியே நிறுத்தின என்று பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலர். சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியராகும் வாயில் எவ்வாறு அமைந்தது, அவ்வாயிலுக்கு ஏறிச் செல்லும் படிகள் எப்பொழுது யாரால் கட்டப்பட்டன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பைக் கேட்ட வாயில்

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அத்தாட்சிப் பத்திரம் எதுவும் இருந்ததில்லை. ஊராரின் நம்பிக்கையே அவருடைய பத்திரம். அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் நிகண்டும் அவர் நாவில் நின்றன. மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, சில ஆண்டுகளில் ஓலையில் எழுத்தாணி பிடித்தது. அம்முறையின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்திண்ணையில் அமர எல்லார்க்கும் இடமிருந்ததா? சேரிப் பிள்ளை அத்தெருவிலேயே நடக்கக்கூடாது என்றிருந்த ஊர்கள் எத்தனை! பெண்பிள்ளை எழுத்தறிந்தால் குடும்பம் கெடும் என்று நம்பிய வீடுகள் எத்தனை! பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று 1894 ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் ஆல்காட் துரை தனிப் பள்ளிக்கூடம் ஒன்று வைக்கும்படி நேர்ந்தது என்றால், ஏனைய பள்ளிகளின் கதவு அவர்களுக்கு எந்நிலையில் இருந்தது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. மாணவனாகவே உட்கார இடமில்லாதவன் ஆசிரியனாவது எங்ஙனம்? பரீட்சை இல்லாத அக்காலத்திலும் வாயில் ஒன்று இருந்தது. அது கல்வியைக் கேட்பதற்கு முன் பிறப்பைக் கேட்டது.

1854 ஆம் ஆண்டில் வெளிவந்த உட் துரையின் கல்வித் திட்டம், இந்தியாவில் ஆசிரியர்களைப் பயிற்றப் போதனா முறைப் பாடசாலைகள் வேண்டும் என்றது. அதனை ஒட்டி 1856 இல் சென்னை வேப்பேரியில் சர்க்கார் போதனாப் பாடசாலை தோன்றிற்று. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று புகழ்பெற்றது அதுவே. அன்று முதல் பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவு நம் நாட்டில் வேரூன்றியது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். 1880 இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமில்லாத உ. வே. சாமிநாதையர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். கல்லூரி ஆசிரியர்கள் அவரைப் பாடல்கள் சொல்லச் செய்து, பொருளுரைக்கக் கேட்டு, அவருடைய புலமையை நேரிலேயே சோதித்து அறிந்தனர். பிற்காலத்தில் சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் அச்சேற்றித் தமிழை மீட்டவர் அவர். பட்டம் கேட்டிருந்தால் அவரை இழந்திருப்போம் அன்றோ என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் அவருக்காகப் பரிந்து பேசத் தியாகராச செட்டியார் இருந்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர்கள். பரிந்து பேச ஒருவரும் இல்லாத ஏழை என் செய்வான்? அவனுக்காகப் பேசக்கூடியது அவன் எழுதிய விடைத்தாள் ஒன்றே. விடைத்தாளில் சாதி எழுதப்படுவதில்லை. எண் மட்டுமே எழுதப்படுகிறது. பரீட்சை என்னும் வாயிலுக்குக் குறைகள் பல உண்டு. எனினும் பிறப்பைக் கேளாத வாயில் என்ற ஒரு காரணத்தாலேயே அது நம்மனோர்க்கு விடுதலையின் வாயிலாயிற்று. இதனை மறந்து பரீட்சையைப் பழிப்பது நன்றியன்று.

சிங்கப்பூரில் நின்ற வாயில்

அவ்வாயில் கடல் கடந்து இத்தீவுக்கு வந்தபோது அதன் மேல் எழுதப்பட்டிருந்த மொழி ஆங்கிலம். 1834 இல் இங்கே இலவசப் பள்ளி திறக்கப்பட்டபோது ஆங்கிலத்தோடு மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கும் வகுப்புகள் இருந்தன. தமிழ் வகுப்போ நூல்களும் மாணவரும் போதாமையால் சில ஆண்டுகளுக்குள் நின்றுபோயிற்று. அப்பள்ளியே பின்னர் ராபிள்ஸ் கல்விநிலையம் ஆயிற்று. 1870களில் ஆங்கிலோ-தமிழ்ப் பாடசாலைகள் தோன்றின. அவற்றிலும் தமிழ், ஆங்கிலத்திற்கு ஏறிச் செல்லும் முதற்படியாகவே கருதப்பட்டது.

1891 முதல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இங்கு நடைபெறலாயின. அன்று தொடங்கி சீனியர் கேம்பிரிட்ஜ் பத்திரமே இத்தீவில் உத்தியோகத்தின் திறவுகோல். கிராணி வேலையோ, ஆஸ்பத்திரி உத்தியோகமோ, ஆங்கிலப் பள்ளியில் உபாத்தியாயர் வேலையோ, எதற்கும் அதுவே முதற்கேள்வி. யாழ்ப்பாணத்துத் தமிழர் மலாயா முழுவதும் ஆபீசு நாற்காலிகளில் அமர்ந்ததன் இரகசியமும் இதுவே. அவர்கள் நாட்டில் அமெரிக்க மிஷனரிமார் 1823 இலேயே வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விச்சாலை ஒன்றை நிறுவிவிட்டனர். படி முன்னரே கட்டப்பட்டிருந்தது. அதனால் வாயில் அவர்களுக்கு எட்டிற்று.

1928 இல் புக்கிட் தீமா சாலையில் ராபிள்ஸ் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. ஆங்கில உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஆக்கித் தருவது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அதிற் சேர ஆங்கிலத்தில் உயர்நிலைக் கல்வியை முடித்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் நாரிஸ் சாலையில் ராமகிருஷ்ண மிஷன் நடத்திய விவேகானந்தர் ஆண்கள் பள்ளியிலோ, சாரதாமணி பெண்கள் பள்ளியிலோ தமிழில் முதல் வகுப்பில் அமர்ந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அப்பள்ளிகள் செய்த தொண்டு பெரிது. சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டில்களுக்கும் கடைகளுக்கும் இடையே, பெண்பிள்ளைகளுக்கும் கல்வி உண்டு என்று காட்டியது சிறு செயலன்று. ஆயினும் அக்குழந்தை தொடக்கக் கல்வியை முடித்தபின் எங்கே செல்லும்? தமிழ்வழியில் அடுத்த படி இல்லை. ஆங்கிலவழியில் ஏற வேண்டுமாயின் கீழிருந்து மீண்டும் தொடங்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், வயதும் கடந்துவிடும். எனவே ராபிள்ஸ் கல்லூரியின் வாசற்படியில் அக்குழந்தையைத் தடுத்து நிறுத்தியவர் எவருமிலர். அவ்வாசல் வரை அது வந்து சேரவே இல்லை.

தோட்டத்துப் பாடசாலை

நகரத்தின் நிலை இதுவானால் தோட்டத்தின் நிலை யாது? மலாய் நாடுகளின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் பள்ளியைத்தான் கேட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரை வற்புறுத்தவில்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, பால்மரம் வெட்டி ஓய்ந்த தொழிலாளியோ உபாத்தியாயர் ஆயினர். ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையே பல இடங்களில் பள்ளிக்கூடம்.

இக்கட்டுரையை எழுதுபவன் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணி. எங்கள் ஆபீசின் பழைய அலமாரியில், கறையான் அரித்தது போக எஞ்சிய பள்ளிக்கூட இடாப்பு ஒன்று கிடந்தது. ஒரு நாள் அதைத் தூசி தட்டிப் புரட்டினேன். மாதந்தோறும் கடைசி நாட்களில் அடுத்தடுத்து ஒரே குறிப்பு: "இன்று பாடம் இல்லை." காரணம் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் செக்ரோல் எழுதிப் பழகிய எனக்கு அது விளங்கிற்று. மாதக் கடைசி, தொழிலாளரின் பேர்களையும் சம்பளத்தையும் கூட்டிக் கணக்கை முடிக்கும் காலம். ஆபீசில் எழுதிய கையே பள்ளியிலும் எழுதியிருக்கிறது, கையெழுத்தும் ஒன்றே. கிராணிக்குக் கணக்கு நெருக்கினால் பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை. அம்மனிதர் கெட்டவராக எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளின் பேர்களை அவர் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். பெற்றோர் வேலைக்கு அழைத்துச் சென்ற நாட்களைச் சிறு புள்ளி வைத்துக் குறித்திருக்கிறார். அவரிடம் அன்பு இருந்தது. பயிற்சியும் நேரமும் இல்லை. அவ்விரண்டையும் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாரும் இல்லை.

மூன்று சமூகங்கள்

இக்குறை தமிழர்க்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆழமாயிற்று? அண்டை வீட்டாரைப் பார்த்தால் விடை தெரியும்.

மலாய் மக்களுக்கென அரசாங்கம் 1922 இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரியை நிறுவியது. மலாய்வழித் தொடக்கப் பள்ளியில் மட்டுமே படித்த கிராமத்துப் பிள்ளை அங்கே மூன்றாண்டு தங்கிப் பயின்று ஆசிரியனாகலாம். ஆங்கிலம் அங்கே நுழைவு நிபந்தனை அன்று. கல்லூரியோடு மலாய் நூல்களை மொழிபெயர்க்கும் நிலையமும் 1924 முதல் இணைந்து நின்றது. ஆசிரியரும் கிடைத்தனர், பாடநூலும் கிடைத்தது. பெண்களுக்கு 1935 இல் மலாக்காவில் தனிப் பயிற்சிக் கல்லூரி எழுந்தது.

சீன மக்கள் சர்க்காரை எதிர்பார்த்து நிற்கவில்லை. 1919 இல் டான் கா கீ முன்னின்று இத்தீவில் சீன உயர்நிலைப் பள்ளியை ஆரம்பித்தார். பின்னர் நன்யாங் பல்கலைக்கழகத்தையே தம் பணத்தால் எழுப்பினர். 1956 இல் அதில் வகுப்புகள் தொடங்கின. நிலத்தை ஹொக்கியென் சங்கம் கொடுத்தது. கோடீசுவரர் கொடுத்த பணத்தோடு, மூன்று சக்கர வண்டி மிதித்தவர் தம் ஒரு நாள் கூலியைக் கொடுத்ததும் சேர்ந்தது. தொடக்கப் பள்ளி முதல் பட்டம் வரை தம் மொழியிலேயே படிகளை அவர்கள் அடுக்கினர்.

தமிழர்க்கோ அரசாங்கம் கட்டித்தந்த படியும் இல்லை. தாமே கட்டிய படியும் முதல் நிலைக்கு மேல் ஏறவில்லை. கோயில் விழாவுக்குக் குறைவின்றிப் பணம் கொடுத்த கைகள், உயர்நிலைப் பள்ளி என்றவுடன் ஏன் மடங்கின? கூலி மக்கள் என்று ஆண்டவர் எண்ணியது ஒரு காரணம். சில ஆண்டு உழைத்து ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நாமே எண்ணியது மற்றொரு காரணம். திரும்பிப் போகிறவன் படி கட்டுவானா?

1935 ஜூலை 6 ஆம் நாள் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் கொள்கைகளைப் பரப்பிய அவ்விதழ், இது நம் நாடு, இங்கேயே நம் பிள்ளைகள் வாழப் போகிறார்கள் என்று ஓயாது சொல்லி வந்தது. அந்த எண்ணம் வேரூன்றிய பிறகே தமிழரிடையே இரண்டாம் படியைப் பற்றிய பேச்சு எழுந்தது.

கடையநல்லூரார் கட்டிய படி

உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946 இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவிற்று. தென்காசியை அடுத்த நெசவாளர் ஊராகிய கடையநல்லூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். பெருஞ்செல்வர் அல்லர். தம் பள்ளிக்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினர். தமிழ் ஒரு மதத்திற்கு உரிய சொத்தன்று என்பதைக் காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1960 இல் அப்பள்ளி உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கியது. மேக்ஸ்வெல் சாலையில் நின்ற உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியே சிங்கப்பூர் வரலாற்றில் தமிழை முதன்மைப் போதனாமொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப் பள்ளி. 1834 இல் நின்றுபோகவிருந்த தமிழ் வகுப்பு தொடங்கிய காலம் முதல் கணக்கிட்டால், இரண்டாம் படி வைக்க நமக்கு 126 ஆண்டுகள் பிடித்தன.

இதற்கிடையே வாயிலும் மாறிக்கொண்டிருந்தது. 1950 இல் சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. 1951 இல் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் அமைந்து, தமிழ் கற்பிப்போர் தம் உரிமையைத் தாமே பேசத் தொடங்கினர். 1956 இல் அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை நான்கு மொழிவழிக் கல்விக்கும் சம மதிப்பு வேண்டுமென்றது. அடுத்த ஆண்டில் கல்விச் சட்டம் பிறந்தது. அக்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கப்படவிருந்தபோது, அதிலே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'முரசு' கிளர்ச்சி செய்தது. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரால் நிதி திரட்டினர். தொழிலாளரும் தம் கூலியிலிருந்து வெள்ளி கொடுத்தனர். 1956 இல் அத்துறை இத்தீவிலேயே தொடங்கிற்று. மூன்றாம் படி, அதாவது பட்டம் என்னும் படி, ஒரு கணம் நம் கைக்கு எட்டியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அத்துறை கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. அதன் பிறகு தமிழிற் பட்டம் பெற விரும்பிய சிங்கப்பூர்ப் பிள்ளைகள் நெடுங்காலம் பெரும்பாலும் கடலையோ காஸ்வேயையோ கடக்க வேண்டியவராயினர்.

இவ்வேளையில் தேவை பெருகிற்று. 1960 இல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966 இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. ஆங்கில உயர்நிலைப் பள்ளிகளில் அமர்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தமிழாசிரியர் வேண்டும். யார் வருவர்? தமிழ்ப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குப் பாடஞ் சொன்ன உபாத்தியாயர்கள் பலர், பகலிற் பாடஞ் சொல்லி இரவிற் பாடம் படித்து, ஒவ்வொரு பரீட்சையாக எழுதித் தம் யோக்கியதையை உயர்த்திக்கொண்டனர். மாணவர்க்குத் தேர்வுத்தாள் திருத்திய அதே மேசையில் தம் தேர்வுக்கும் அவர்கள் தயாராயினர். அவர்களுக்குப் பட்டமளிப்பு ஊர்வலங்கள் வாய்க்கவில்லை. ஆயினும் இன்று இத்தீவில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியோர் பலர் அவர்கள் கைப்பட வளர்ந்தவர்களே.

இரண்டாம் படியின் ஆயுள் நீண்டதன்று. பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளிற் சேர்த்தனர். அவர்களைக் குறை கூறவும் இயலாது. உத்தியோகத்தின் வாயிலில் எழுதியிருந்த மொழி எதுவென்று அவர்கள் அறிவர். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின. 1982 இல் உமறுப்புலவர் உயர்நிலைப் பள்ளியும் மூடியது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் போதனாமொழி. புலவரின் பெயர் மட்டும் மறையவில்லை. 1983 இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம், இன்று சிராங்கூன் சாலைக்கு அருகே பீட்டி சாலையில், பல பள்ளிகளின் உயர்நிலை மாணவர்களை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்துத் தமிழ் கற்பிக்கிறது.

இன்றைய வாயில்

பழைய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1973 இல் கல்விக் கழகமாக மாறி, 1991 இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகமாயிற்று. அது சில காலம் இயங்கிய இடம், ராபிள்ஸ் கல்லூரி நின்ற அதே புக்கிட் தீமா வளாகம். 2000 ஆம் ஆண்டில் அது சென்று சேர்ந்த இடமோ, சீன மக்கள் வண்டி மிதித்த கூலியால் எழுப்பிய பழைய நன்யாங் பல்கலைக்கழக நிலம். ஒருகாலத்தில் நம் பிள்ளைகள் எட்டிப்பார்க்கவும் இயலாதிருந்த மண்ணிலும், பிறர் தம் உழைப்பால் ஆக்கிய மண்ணிலும் தமிழாசிரியர் பயிற்சி பெறும் காலம் வந்தது. தஞ்சோங் மாலிமிலும் இவ்வாறே. சுல்தான் இத்ரிஸ் கல்லூரி 1997 இல் கல்வியியற் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழாசிரியரையும் ஆக்கித் தருகிறது. ஒரு சமூகம் கட்டிய படி பிற சமூகங்களுக்கும் பயன்படும் என்பதற்கு இவை சான்று.

இன்றைய நிபந்தனைகளைச் சுருங்கச் சொன்னால்: உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்க விரும்புவோர்க்குப் பொதுவாகப் பட்டம் வேண்டும். தமிழில் ஆழ்ந்த பயிற்சியைக் காட்டும் சான்று வேண்டும். ஆங்கிலத்திலும் போதிய தேர்ச்சி வேண்டும். கல்வி அமைச்சின் நேர்காணலில் தேற வேண்டும். தெரிந்தெடுக்கப்பட்டவர் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் பெறுகிறார். மாதக் கடைசியிற் பள்ளியை மூடிவிட்டுச் செக்ரோல் எழுதிய என் முன்னோர் கேட்டால் இதை நம்புவாரா? வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறவும் வழியுண்டு. 2006 முதல் சிம் பல்கலைக்கழகம் தமிழ்மொழி இலக்கியத்திற் பட்டப்படிப்பை நடத்தலாயிற்று. அதுவே 2017 இல் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. மூன்றாம் படி மீண்டும் இத்தீவில் வைக்கப்பட்டது. ஆண், பெண் என்ற பேதமும் இவ்வாயிலில் இல்லை. சாரதாமணிப் பள்ளியின் பேத்திமார் இன்று தமிழ் வகுப்புகளில் கரும்பலகை முன் நிற்கின்றனர்.

அப்படியாயின் குறை யாது? குறை இடம் மாறியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஓர் ஆசிரியர் பயிற்சிக்கு மனுச் செய்தேன். எங்கே என்பது வேண்டா. ஆங்கிலவழிப் பள்ளியிற் படித்தவன் நான்; ஆங்கிலச் சான்றுகளில் ஒரு குறையும் இல்லை. தமிழ்ச் சான்றோ உயர்நிலையோடு நின்றிருந்தது. பதினாறு வயதில், மேற்படிப்புக்குத் தமிழ் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நானும் அதையே கேட்டுக்கொண்டேன். வாயிலில் நின்ற அதிகாரி மரியாதையோடே சொன்னார்: "தமிழில் இன்னும் மேலே படித்துவிட்டு வாருங்கள்." அவர் சொன்னது நியாயம். பாட்டன் காலத்தில் தமிழ்ப் பள்ளியிற் படித்தவனைப் பார்த்து "உன் ஆங்கிலம் எங்கே?" என்று கேட்ட வாயில், இன்று பேரனைப் பார்த்து "உன் தமிழ் எங்கே?" என்று கேட்கிறது. பாட்டனுக்குப் படி இல்லை. பேரனுக்குப் படி இருந்தும் அவன் ஏறவில்லை. இருவருள் எவன் இரங்கத்தக்கவன்?

இது என் ஒருவன் கதை மட்டுமன்று. 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, சிங்கப்பூர் இந்தியருள் ஏறத்தாழ நூற்றுக்கு 59 பேர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம். 2010 இல் அத்தொகை நூற்றுக்கு 42 அளவில் இருந்தது. வீட்டிற் பேசாத மொழியைப் பள்ளியில் மேலும் கற்க எத்தனை பிள்ளைகள் விழைவர்? உயர்தமிழை ஏற்பவர், தொடக்கக் கல்லூரியில் தமிழ் இலக்கியத்தைப் பாடமாகக் கொள்பவர், பல்கலைக்கழகத்தில் தமிழை நாடுபவர் என ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை சுருங்கினால், கடைசி வாயிலில் வந்து நிற்பவர் எத்தனை பேர் இருப்பர்? வாயில் அகலத் திறந்திருக்க, உள்ளே வர ஆளில்லாத நிலை வருமாயின், அதற்குச் சர்க்காரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது.

நிபந்தனைகளைத் தளர்த்திவிட்டால் என்ன என்று கேட்பாரும் உளர். அது தகாது. தகுதி பாராமல் அமர்த்தப்பட்ட ஆசிரியரால் நம் பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள் என்பதைத் தோட்டத்து இடாப்பு காட்டுகிறது. தாழ்ந்த வாயில் வழியே நுழைந்த ஆசிரியரின் தமிழையும் உலகம் தாழ்ந்ததாகவே மதிக்கும். பிற பாட ஆசிரியர்க்குச் சமமாகத் தமிழாசிரியர் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமாயின் வாயில் உயரமாகவே இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியது படிகளைச் செப்பனிடுவது.

செய்யக்கூடியவை பெருஞ்செயல்கள் அல்ல. பதினாறு வயதுப் பிள்ளை, "தமிழை மேலும் படிக்கட்டுமா?" என்று கேட்கும்போது, "அதனால் என்ன பயன்?" என்று பெற்றோர் கேளாதிருக்கட்டும். தேர்வில் முதன்மை பெற்ற பிள்ளை ஆசிரியராக விரும்பினால், வேறு வேலை கிடைக்கவில்லையா என்று உறவினர் இரங்காதிருக்கட்டும். விழாக்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சங்கங்கள், தமிழிற் பட்டம் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு ஒதுக்கட்டும். பணியிலிருப்போர் மாலை வகுப்புகளில் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். நெசவாளர் ஊரிலிருந்து வந்த மக்கள் தம் கூலியில் ஒரு பள்ளியை எழுப்பினர். அதனினும் மிகுந்த வசதியுடைய நாம் ஒரு மாணவனையேனும் படியேற்ற இயலாதவர்களா?

பழைய இடாப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் இப்பொழுது பட்டப்படிப்புக்கான விண்ணப்பத்தாளும் இருக்கிறது. மாதக் கடைசி, செக்ரோல் முடிக்க வேண்டும். அதை முடித்த பின், இம்முறை பாடம் உண்டு.